டிராக்டர் டிரெய்லருக்கு மறுபடி பெயின்ட் அடிக்க எத்தனை லிட்டர் வாங்குவது?

பழைய டிரெய்லருக்குப் பெயின்ட் வாங்கக் கடைக்குப் போனால் முதல் கேள்வியே "எத்தனை லிட்டர்?" என்பதுதான். "பத்துக்கு ஆறு பெட்டி" என்று சொன்னால் கடைக்காரர் பழக்கத்தில் ஒரு கணக்குச் சொல்வார். அவர் மனதில் இருப்பது பெட்டியின் வெளிப்பக்கம் மட்டும். அதை நம்பி வாங்கினால் சேஸ் பாதி முடிவதற்குள் டப்பா காலியாகிவிடும். மறுநாள் வாங்கிவரும் டப்பாவில் நிறம் ஒரு சாயல் மாறியிருக்கும். பயந்துபோய் இருபது லிட்டர் டின்னாக வாங்கினால் மிச்சம் கொட்டகையிலேயே கெட்டியாகிப் போகும்.

டிரெய்லரில் பெயின்ட்டை அதிகம் குடிப்பது கண்ணுக்குத் தெரிகிற பெட்டி அல்ல. அடியில் இருக்கும் சேனலும் ஆங்கிளும்தான். அவற்றை அளக்கக் கற்றுக்கொண்டால் கணக்கு தவறாது. தமிழ்நாட்டு ஊர்களில் சாதாரணமாக ஓடும் 10 அடி × 6 அடி × 2 அடி, இரண்டு சக்கர டிப்பிங் டிரெய்லரை எடுத்துக்காட்டாக வைத்து இங்கே முழுக் கணக்கையும் போட்டிருக்கிறது. உங்கள் வண்டியின் அளவை அந்தந்த இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. டேப்பை எடுக்கும் முன் செய்ய வேண்டியவை

ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். இரண்டு விவரம் வேண்டும்: நிறம், சுமையில்லாத எடை. பதிவில் உள்ள நிறத்தையே அடிப்பதானால் தொல்லை இல்லை. நிறத்தை மாற்றும் எண்ணம் இருந்தால், பெயின்ட் வாங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி.யைக் காட்டி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். அடித்து முடித்த பிறகு கேட்பதில் பயனில்லை. எடை எதற்கு என்பது ஐந்தாம் படியில் வரும்.

அடுத்து வெல்டிங். தளத் தகடு ஓட்டை விழுந்திருந்தாலும், பின் கதவுக் கீல் விட்டிருந்தாலும், சேனலில் விரிசல் இருந்தாலும் அதையெல்லாம் முடித்த பிறகே அளவு எடுங்கள். புதுத் தகடு போட்ட இடத்துக்கு வேறு கணக்கு. அதோடு, பெயின்ட் அடித்த பிறகு வெல்டிங் வைத்தால் சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குக் கருகிப்போகும்.

மூன்றாவது, பழைய பெயின்ட் எந்த வகை என்று பார்க்க வேண்டும். ஒரு துணியை என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் நனைத்து, மறைவான இடத்தில் வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிறம் கரைந்து துணியில் ஏறினால் என்.சி. பெயின்ட். தோல் போலச் சுருங்கிக் கொப்பளித்தால் சாதாரண எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால் அது இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரிதேன்) வகையாக இருக்கலாம். சாதாரண எனாமல் மேல் என்.சி.யோ பி.யு.வோ அடித்தால் அடியில் உள்ளது சுருண்டு எழும்பும். அப்புறம் முழுவதையும் சுரண்டி, பிரைமரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்; செலவு இரட்டிப்பு. ஏற்கெனவே எனாமல் உள்ள பண்ணை டிரெய்லருக்கு மறுபடியும் எனாமலே போதும். கீழே உள்ள கணக்கு முழுவதும் ரெட் ஆக்சைடு பிரைமர், சிந்தெடிக் எனாமல் என்ற ஜோடிக்குத்தான்.

அடியில் தார் கலந்த கறுப்பு அடித்திருந்தால் அதன் மேல் எனாமல் நிற்காது. பழுப்பு நிறம் கசிந்து மேலே வரும். அந்த இடங்களைச் சுரண்டி எடுங்கள், இல்லையென்றால் அங்கே மறுபடி தார் வகையையே அடியுங்கள்.

2. பெட்டியை அளக்கும் முறை

உள்பக்கம், வெளிப்பக்கம், அடிப்பக்கம் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் அடிக்கும் நிறமும் கோட் எண்ணிக்கையும் வேறாக இருக்கும் என்பதால் ஒரே கூட்டுத்தொகையாகப் போட்டால் பிறகு குழப்பம்.

உள் தளம்: 10 × 6 = 60 சதுர அடி.

உள் சுவர்கள்: இரண்டு பக்கம் 10 × 2, முன்னும் பின்னும் 6 × 2. மொத்தம் 64 சதுர அடி.

வெளிச் சுவர்கள்: இதுவும் தட்டையாகப் பார்த்தால் 64தான். ஆனால் வெளிப்பக்கத்தில் மடித்து எழுப்பிய விலா, ஓரப் பட்டி, நிறுத்து ஆங்கிள் எல்லாம் உண்டு. இவற்றுக்காகக் கால் பங்கு கூட்டுங்கள்: 64 × 1.25 = 80 சதுர அடி. தகடு முழுவதும் நெளிவு நெளிவாக இருந்தால் கால் பங்கு போதாது. ஒரு நெளிவின் மேல் நூலை ஒட்டிப் பிடித்து, நேர் நீளத்தைவிட நூல் எத்தனை பங்கு கூடுகிறது என்று பார்த்து அதையே பெருக்குங்கள்.

தளத்தின் அடிப்பக்கம்: இன்னொரு 60. இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். டிப்பரைத் தூக்கினால்தான் தெரியும். தூக்கி அளக்கும்போது ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டாதீர்கள். கனமான கட்டையோ இரும்பு முட்டோ கொடுத்த பிறகே உள்ளே போங்கள். ஹோஸ் விட்டால் பெட்டி நொடியில் இறங்கிவிடும்.

கீல், கொக்கி, சங்கிலி வளையம், விளக்குத் தாங்கி, மட்கார்டு போன்ற சில்லறைகளுக்கு 12 சதுர அடி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாக அளப்பது வீண் வேலை.

3. சேனலை விரித்து அளக்கும் முறை

தவறு நடப்பது இங்கேதான். சேனல் என்பது மடித்த பட்டை. உள்ளும் வெளியும் சேர்த்து அதை விரித்தால் எவ்வளவு அகலம் வரும் என்பதுதான் கேள்வி. சணல் கயிறு ஒன்றை எடுங்கள். சேனலின் வெளி முதுகில் தொடங்கி, மேல் இதழைச் சுற்றி, உள்ளே இறக்கி, மூலையில் கட்டை விரலால் அழுத்தி, உள் முதுகு வழியாகக் கீழ் மூலைக்கு வந்து, கீழ் இதழையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவாருங்கள். அந்தக் கயிற்றின் நீளம்தான் சேனலின் சுற்றளவு. மூலையில் அழுத்தாமல் கயிற்றைக் குறுக்கே இழுத்தால் முக்கால் அளவுதான் வரும்.

கயிறு எட்டாத இடத்தில் சூத்திரம் போதும்: உயரம் × 2, இதழ் × 4, இரண்டையும் கூட்டினால் மில்லிமீட்டரில் சுற்றளவு. அதை 305 ஆல் வகுத்தால் அடிக்கணக்கு. டிரெய்லரில் வரும் அளவுகளுக்கு (உயரம் × இதழ், மி.மீ.), ஓர் அடி நீளத்துக்கு இவ்வளவு என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்:

75 × 40 சேனல்: 1 சதுர அடி
100 × 50 சேனல்: 1.3 சதுர அடி
125 × 65 சேனல்: 1.65 சதுர அடி
50 × 50 ஆங்கிள்: 0.65 சதுர அடி
40 × 40 ஆங்கிள்: 0.5 சதுர அடி

நம் எடுத்துக்காட்டு வண்டியில் தளத்தைத் தாங்கும் 75 × 40 குறுக்குச் சேனல் ஏழு, ஒவ்வொன்றும் 6 அடி. 42 அடி. மேல் இதழ் தளத்தோடு ஒட்டியிருப்பதால் அந்த முகத்துக்குப் பெயின்ட் தேவையில்லை, அடிக்கு 0.85 என்று போட்டால் 36 சதுர அடி.

சேஸின் நெடுஞ்சேனல் 125 × 65, இரண்டு, 12 அடி வீதம்: 24 × 1.65 = 40. சேஸின் குறுக்குச் சேனல் 100 × 50, நான்கு, 3 அடி வீதம்: 12 × 1.3 = 16. டிராக்டரில் மாட்டும் முன்பக்க முக்கோண ஃபிரேம் 8 அடி: 8 × 1.3 = 10. ஆக்சில் 75 மி.மீ. சதுரக் கட்டை, 5 அடி: 5 சதுர அடி. 16 அங்குல வீல் டிஸ்க்குக்கு உள்ளும் வெளியும் சேர்த்து 6 வீதம் இரண்டுக்கு 12.

நான்கு சக்கர டிரெய்லரானால் முன் டர்ன்டேபிள், இரண்டாவது ஆக்சில், கூடுதல் டிஸ்க்குகளுக்காக இன்னும் 40 முதல் 50 சதுர அடி கூட்டுங்கள்.

4. நிறவாரியாகப் பிரிப்பது

இப்போது ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்.

பெட்டி நிறம்: வெளி 80, உள் சுவர் 64, சில்லறை 12. மொத்தம் 156 சதுர அடி.

கறுப்பு: தள அடிப்பக்கம் 60, குறுக்குச் சேனல் 36, சேஸ் 56, முக்கோண ஃபிரேம் 10, ஆக்சில் 5. மொத்தம் 167.

டிஸ்க் நிறம்: 12.

உள் தளம்: 60.

ஆக மொத்தம் 395 சதுர அடி. வெளிச் சுவரின் 64 சதுர அடியை மட்டும் பார்த்து வாங்குகிறவர் எவ்வளவு தூரம் ஏமாறுகிறார் என்று இதிலேயே தெரியும். ஏறக்குறைய ஆறு மடங்கு.

5. எடையை வைத்து ஒரு சரிபார்ப்பு

அளவு சரியா என்று பார்க்க இரும்பின் எடை உதவும். இரும்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். அதனால் 3 மி.மீ. தகடு ஒரு கிலோவுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 0.91 சதுர அடி வரும், 4 மி.மீ. என்றால் 0.69, 5 மி.மீ. என்றால் 0.55. தளம் 4, சுவர் 3, சேனல் அதைவிடக் கனம் என்று கலந்திருக்கும் டிரெய்லருக்குக் கிலோவுக்கு 0.65 என்று வைக்கலாம்.

ஆர்.சி.யில் உள்ள சுமையில்லாத எடையிலிருந்து டயர், டிஸ்க், ஆக்சில், ஸ்பிரிங் பட்டை, ஜாக் ஆகியவற்றைக் கழியுங்கள். மிச்சம் 600 கிலோ என்றால் 600 × 0.65 = 390 சதுர அடி. நாம் அளந்ததோடு ஒத்துப்போகிறது. டேப் கணக்கும் எடைக் கணக்கும் நூறு சதுர அடிக்கு மேல் விலகினால், பெரும்பாலும் அடிப்பக்கத்தையோ உள் சுவரையோ விட்டிருப்பீர்கள்.

6. ஒரு லிட்டர் எவ்வளவு தூரம் ஓடும்?

டப்பாவில் அச்சிட்டிருக்கும் பரப்பு வழவழப்பான பரப்பில் ஒரு கோட்டுக்கானது. டிரெய்லர் அப்படி இருக்காது. பெயின்ட்டின் தொழில்நுட்பத் தாள் கிடைத்தால் அதில் "வால்யூம் சாலிட்ஸ்" சதவீதம் இருக்கும். தின்னர் ஆவியானபின் இரும்பில் தங்குவது அந்தப் பங்குதான். அதைப் பத்தால் பெருக்கி, காய்ந்த படலத்தின் மைக்ரான் கனத்தால் வகுத்தால் லிட்டருக்கு எத்தனை சதுர மீட்டர் என்று கிடைக்கும். 45 சதவீதம், 35 மைக்ரான் என்றால் 450 ÷ 35 = 12.86 சதுர மீட்டர், அதாவது 138 சதுர அடி. இது ஏட்டுக் கணக்கு. பிரஷ்ஷில் தங்குவது, ஓரத்தில் வழிவது, டப்பா அடியில் ஒட்டுவது போக ஐந்தில் நான்கு பங்குதான் கைக்கு வரும். ஆகவே எனாமலுக்கு லிட்டருக்கு 110 சதுர அடி. துருக்குழி விழுந்த இரும்பில் ரெட் ஆக்சைடு குழிகளுக்குள் இறங்குவதால் அதற்கு 100.

இதையும் நம்பிவிட வேண்டாம், உங்கள் வண்டியிலேயே சோதியுங்கள். பக்கக் கதவில் சாக்பீஸால் 5 அடிக்கு 2 அடிக் கட்டம் போடுங்கள். மருந்து மூடி அளவாலோ அளவுக் குவளையாலோ சரியாக 100 மி.லி. பிரைமர் எடுத்து அதற்குள் மட்டும் அடியுங்கள். பிரஷ்ஷை முன்பே பெயின்ட்டில் ஊறவைத்துப் பிழிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பத்து மி.லி. பிரஷ்ஷே குடித்துவிடும். கட்டம் நிறைந்து கையில் கொஞ்சமும் மிஞ்சாமல் சரியாக முடிந்தால் லிட்டருக்கு 100. முக்கால் கட்டத்திலேயே தீர்ந்தால் 75 என்று போட்டு முழுக் கணக்கையும் மாற்றுங்கள். கால் மணி நேர வேலை. ஆனால் இதைவிட நம்பகமான அளவு எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஸ்ப்ரே கன் என்றால் கணக்கு வேறு. கம்ப்ரெசரில் ஓடும் சாதாரண கன்னில் தட்டையான தகட்டிலேயே மூன்றில் ஒரு பங்கு காற்றில் போகும், லிட்டருக்கு 90தான். சேனல் மேல் அடித்தால் பாதிக்குப் பாதி இடைவெளி வழியாகப் பறந்துவிடும், 70 வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை ஸ்ப்ரேயிலும் சேஸை பிரஷ்ஷிலும் அடிப்பதுதான் சிக்கனம். சேனலின் உள் மூலைக்கு ஸ்ப்ரே சரியாகப் போய்ச் சேராது. துரு முதலில் பிடிப்பதோ அந்த மூலையில்தான்.

7. லிட்டர் கணக்கு

சதுர அடி × கோட் ÷ ஓட்டம் (ஒரு லிட்டர் ஓடும் சதுர அடி). வந்ததோடு பத்து சதவீதம் கூட்டுங்கள்.

ரெட் ஆக்சைடு: எல்லா இடத்திலும் ஒரு கோட், 395. உள் தளத்துக்கு இரண்டாவது கோட், 60. மற்ற 335 சதுர அடியில் வெல்டிங் ஓரம், சுரண்டி இரும்பு தெரிந்த இடம் என்று ஐந்தில் ஒரு பங்குக்கு மறுபடி அடிக்க வேண்டிவரும், 67. மொத்தம் 522 ÷ 100 = 5.2 லிட்டர். பத்து சதவீதம் சேர்த்து 5.7. வாங்க வேண்டியது 6 லிட்டர்: ஒரு 4 லிட்டர், இரண்டு 1 லிட்டர்.

பெட்டி நிறம்: 156 × 2 ÷ 110 = 2.84. பத்து சதவீதம் சேர்த்து 3.1 லிட்டர்.

கறுப்பு: 167 × 2 ÷ 110 = 3.04. சேர்த்து 3.3 லிட்டர். 4 லிட்டர் டப்பாவாக வாங்கினால் 0.7 லிட்டர் மிஞ்சும். அது உள் தளத்தின் 60 சதுர அடிக்கு ஒரு கோட் சரியாக வரும். இதற்காகவே தளத்துக்கு வேறு எனாமல் கணக்கில் சேர்க்கவில்லை. ரெட் ஆக்சைடு தனியாக நீரைத் தடுக்காது. அது நுண்துளை உள்ள படலம். மேலே ஏதாவது மூடாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் அடியில் துரு பிடிக்கும். மணலும் ஜல்லியும் ஏற்றும் தளத்தில் விலை கூடிய நிறத்தை இரண்டு கோட் அடிப்பது பணத்தைத் தரையில் தேய்ப்பது போல. மிச்சக் கறுப்பே போதும்.

டிஸ்க்: 12 × 2 ÷ 110 = 0.22. 500 மி.லி. வாங்குங்கள். பதிவு எண் எழுதவும் மிச்சம் உதவும்.

இந்தக் கணக்கு நீலம், பச்சை, கறுப்பு, அடர்சிவப்பு போன்ற மூடும் திறன் உள்ள நிறங்களுக்கு. மஞ்சள், ஆரஞ்சு, பளிச்சென்ற சிவப்பு ஆகியவை ரெட் ஆக்சைடு மேல் இரண்டு கோட்டில் மூடாது. அடியின் செம்மண் நிறம் தெரிந்துகொண்டே இருக்கும். அதற்கு ஒன்றரைப் பங்கு, அதாவது மூன்று கோட் கணக்கிடுங்கள். அல்லது வெளிச் சுவருக்கு மட்டும் சாம்பல் நிற பிரைமர் தனியாக வாங்குங்கள். இரண்டாவது வழிதான் மலிவு.

8. டர்பன்டைன், தின்னர்

பிரஷ் வேலையில் எனாமலுக்கு டர்பன்டைன் ஐந்து முதல் பத்து சதவீதம் போதும். மேலே உள்ள அளவுக்குக் கலக்க ஒரு லிட்டர், பிரஷ் கழுவ ஒரு லிட்டர், ஆக இரண்டு. ஸ்ப்ரேக்கு டப்பாவில் குறிப்பிட்டபடி கூடுதலாகக் கலக்க வேண்டும்.

டர்பன்டைன் ஊற்றினால் பெயின்ட் கூடிவிடாது. இது பலருக்குப் புரியாத இடம். ஊற்றியது ஆவியாகிப் போய்விடும். இரும்பின் மேல் மிஞ்சுவது டப்பாவில் இருந்த பெயின்ட் மட்டும். இரண்டு மடங்கு இடத்துக்கு இழுத்தால் படலம் பாதிக் கனத்தில் நிற்கும், ஓரங்களில் முதல் மழையிலேயே துரு எழும்பும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் தீ ஆபத்து. மண்ணெண்ணெய் காய்வதைத் தாமதமாக்கி மினுமினுப்பைக் கொன்றுவிடும். எனாமலில் என்.சி. தின்னரை ஊற்றினால் முந்தைய கோட்டையே கிளப்பிவிடும்.

9. கடையில்

எனாமல் 50, 100, 200, 500 மி.லி., 1, 4, 10, 20 லிட்டர் என்ற டப்பாக்களில் வரும். சிறிய டப்பாவில் லிட்டர் விலை கூடுதல். ஒரு கணக்குக்காக 1 லிட்டர் 380 ரூபாய், 200 மி.லி. 95 ரூபாய், 4 லிட்டர் 1,440 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி நிறத்துக்கு வேண்டிய 3.1 லிட்டரை மூன்று லிட்டர் டப்பாவும் ஒரு 200 மி.லி.யுமாக வாங்கினால் 1,235. நான்கு லிட்டராக வாங்கினால் 205 ரூபாய் கூடுதலில் 800 மி.லி. அதிகம். கலப்பைக்கும் மட்கார்டுக்கும் அடிக்க வேலை இருந்தால் பெரியதை எடுங்கள். இல்லையென்றால் சிறியவை.

இதே போல உத்தேச விலை வைத்தால் பிரைமர் 1,280, கறுப்பு 1,320, பெட்டி நிறம் 1,235, டிஸ்க் 230, டர்பன்டைன் 300, கம்பி பிரஷ், உப்புத்தாள், பட்டி (குழிகளை நிரப்பும் பூச்சு), பிரஷ், முகமூடி எல்லாம் 800 என்று 5,165 ரூபாய் வரும். உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். எம்.ஆர்.பி.யில் வரி அடங்கியிருக்கும்; அதற்கு மேல் தனியாக ஜி.எஸ்.டி. கேட்டால் தராதீர்கள்.

மெஷினில் கலந்து தரும் நிறமாக இருந்தால் முழு அளவையும் ஒரே நாளில் வாங்குங்கள். கலந்த டப்பாவைக் கடையில் திரும்ப எடுக்கமாட்டார்கள். கலக்காத, மூடி திறக்காத டப்பாவை எடுப்பார்களா என்று பில் போடும் முன்பே கேளுங்கள். எல்லா டப்பாவிலும் பேட்ச் எண் ஒன்றா என்று பாருங்கள். ஒரே நிறத்தின் டப்பாக்களை ஒரு வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்கிய பிறகே அடிக்கத் தொடங்க வேண்டும். பக்கக் கதவு ஒரு நிறம், பின் கதவு ஒரு நிறம் என்று நிற்பதற்கு இதைச் செய்யாததே காரணம்.

கூலிக்கு ஆள் வைத்தால் பெயின்ட்டை நீங்களே வாங்குவது நல்லது. பெயின்ட்டும் சேர்த்து ஒப்பந்தம் பேசினால் டர்பன்டைன்தான் அதிகம் ஓடும். சில டப்பாக்களில் பெயின்டருக்கான டோக்கன் உள்ளே இருக்கும். எத்தனை டப்பா வாங்குவது என்ற யோசனையை அவரிடம் விடாமல் உங்கள் தாளைக் காட்டுங்கள். டோக்கனை அவரிடமே கொடுத்துவிடலாம், அதில் தவறில்லை.

10. எத்தனை நாள், எப்போது

சம்பா அறுவடையும் களத்து வேலையும் ஓய்ந்த மாசி, பங்குனிதான் சரியான காலம். ஐப்பசி, கார்த்திகை மழை. மார்கழியில் காலைப் பனி இரும்பில் வியர்த்து நிற்கும். ஆடிக் காற்றில் ஈரப் பெயின்ட்டில் மண் வந்து ஒட்டும். பங்குனி நண்பகலில் தகடு கை வைக்க முடியாதபடி கொதிக்கும். அப்போது அடித்தால் மேல்தோல் உடனே காய்ந்து அடியில் ஆவி அடைபட்டுக் கொப்புளம் எழும்பும். காலை எட்டு முதல் பதினொன்று வரை, பிறகு மாலை நான்குக்கு மேல் நிழலில்.

முதல் நாள் கழுவுதல். உரமூட்டை ஏற்றிய வண்டியானால் யூரியா, பொட்டாஷ் உப்பு மூலைகளில் தங்கியிருக்கும். நன்றாக நீரடித்துக் கழுவாமல் அதன் மேல் பெயின்ட் அடித்தால் எத்தனை கோட் ஆனாலும் உள்ளிருந்து துரு கிளம்பும். கிரீஸ் இருக்கும் இடத்தை மண்ணெண்ணெயால் துடைத்து, சோப்புத் தூள் தண்ணீரால் மறுபடி கழுவுங்கள். இரண்டாம் நாள் சுரண்டுதல். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயின்ட்டுகளுக்கு 90 பி.பி.எம். என்ற ஈய வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதனால் முகமூடியோடு, முடிந்த இடத்தில் நனைத்துத் தேயுங்கள். குழந்தைகளும் ஆடுமாடும் பக்கத்தில் வேண்டாம். சுரண்டிய இரும்பை இரவுப் பனியில் விடாமல் அன்று மாலையே முதல் பிரைமரை அடித்துவிடுங்கள். மூன்றாம் நாள் பட்டி, இரண்டாவது பிரைமர். நான்காம் நாள் எனாமல் முதல் கோட். இரவு முழுதும் காயவிட்டு ஐந்தாம் நாள் இரண்டாவது. மூன்று கோட் நிறமானால் ஆறு நாள்.

அதன்பின் மூன்று நாள் சுமை ஏற்றாதீர்கள். உரமோ ஈர மணலோ ஏற்ற ஒரு வாரம் போகட்டும்.

11. பெயின்ட் படக்கூடாத இடங்கள்

பெயின்ட் கணக்கில் இவை இல்லை, ஆனால் அடிக்கும் ஆளுக்கு முன்பே சொல்ல வேண்டும். சேஸில் அடித்த எண்ணின் மேல் பட்டியோ கனமான பெயின்ட்டோ ஏறக்கூடாது. அந்த இடத்தில் டேப் ஒட்டிவிட்டு, கடைசியில் மெல்லிய ஒரு பூச்சு போதும். டிப்பிங் சிலிண்டரின் பளபளக்கும் தண்டில் ஒரு சொட்டுக்கூட விழக்கூடாது. காய்ந்த பெயின்ட் சீலைக் கிழித்து எண்ணெய் ஒழுகும். கிரீஸ் நிப்பிள், ஸ்பிரிங் பட்டைகளின் இடைவெளி, பிரேக் பாகங்கள், விளக்கின் எர்த் ஒயர் பிடிக்கும் போல்ட் இவற்றையும் மூடிவையுங்கள். எர்த் போல்ட்டில் பெயின்ட் ஏறினால் பின்விளக்கு எரியாது. பல்ப் போய்விட்டது என்று நினைத்து அலைவார்கள்.

பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகு ஒளிரும் ஸ்டிக்கர்: முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. ஈரம் போகாமல் ஒட்டினால் ஒரு மாதத்தில் உரியும். இரவில் விளக்கில்லாமல் ரோட்டோரம் நிற்கும் டிரெய்லரில் எத்தனை பேர் மோதியிருக்கிறார்கள் என்பது எல்லா ஊரிலும் தெரியும். இந்தச் செலவை மட்டும் குறைக்காதீர்கள்.

12. மிச்சம்

மிஞ்சிய பெயின்ட்டைப் பெரிய டப்பாவில் கால் பங்காக விட்டால் உள்ளே உள்ள காற்றிலேயே ஆடை கட்டும். சிறிய டப்பாவில் விளிம்பு வரை நிரப்புங்கள். மேலே ஒரு தேக்கரண்டி டர்பன்டைன் மெதுவாக ஊற்றி, கலக்காமல், மூடியின் பள்ளத்தைத் துடைத்து, மரக்கட்டை வைத்துத் தட்டி மூடுங்கள். டப்பாவின் மேல் நிறத்தின் எண், பேட்ச் எண், தேதி, எந்தப் பாகத்துக்கு அடித்தது என்று எழுதுங்கள். அளவுத் தாளையும் பில்லையும் ஆர்.சி. உறையிலேயே செருகிவையுங்கள்.